அழுத்தலாம், தூக்கக் கூடாது

இது நடந்தது. கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம், எனக்கு வருத்தம் இல்லை. யாருக்கு நடந்ததோ அவள் வாயாலேயே கேட்டேன். அதற்கு ஓர் ஒலிப்பதிவும் இருக்கிறது. பதினான்கு நிமிடம், இருபது வினாடி. அதை இந்த இரண்டு காதாலும் ஒரு முறை கேட்டேன். இன்னொரு முறை கேட்கச் சொன்னால் மாட்டேன்.

நடுராத்திரி, கும்மிருட்டு, நாய் ஊளை என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இது பட்டப்பகலில் வந்தது. மதியம் மூன்று மணி இருபத்து நான்கு நிமிடத்துக்கு. அறையில் எல்லா ட்யூப்லைட்டும் எரிந்துகொண்டுதான் இருந்தன.

அவள் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவள். முப்பத்து நான்கு வயது. ஆள் குள்ளம். சின்ன வயதில் பாட ஆரம்பித்தால் சரியாக அரைக்கட்டை சுருதி கீழே இறங்கிவிடுவாளாம். உயரத்துக்கும் சுருதிக்கும் சேர்த்து அவளுடைய அண்ணன் அவளுக்கு 'அரைக்கட்டை' என்று பெயர் வைத்தான். அது தேய்ந்து 'அரை' ஆனது. கூட வாசிப்பவர்கள் அத்தனை பேரும் அவளை அரை என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்த்தாள்.

அவளிடம் இருந்தது ஒரே ஒரு கிட்டார். கறுப்பு. அதில் ட்ரெமலோ கைப்பிடி உண்டு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிட்டாரின் உடம்பில், கம்பிகள் முடிகிற இடத்தில், ஒரு சின்ன இரும்புக் கம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதை அழுத்தினால் ஆறு கம்பிகளும் ஒன்றாகத் தளரும், ஸ்வரம் சரிந்து கீழே போகும். விட்டால் முதுகுப் பக்கம் இருக்கிற ஸ்பிரிங்குகள் கம்பிகளைப் பழைய இடத்துக்கு இழுத்து வந்துவிடும். கேட்க அவ்வளவு அழகாக இருக்கும். ஆனால் கம்பிகள் அச்சு அசலாகப் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். மயிரிழை மாறினாலும் சுருதி போய்விடும். அதனால்தான் கைப்பிடி வைத்த கிட்டார் என்றால் பலபேர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடுவார்கள்.

அவளுக்கு அந்தக் கவலை இல்லை. அண்ணன் இருந்தான்.

அவன் கிட்டாரைப் பிரித்துப் பூட்டுகிற வேலை தெரிந்தவன். அவளுக்கு அந்தக் கிட்டாரை வாங்கிக் கொடுத்ததே அவன்தான். முதல் நாளே ஒரு விதியும் போட்டுவிட்டான். கைப்பிடியை அழுத்தலாம், தூக்கக் கூடாது. தூக்கினால் கம்பி அறுந்து கண்ணில் அடிக்கும். பதினோரு வருடம் அவள் அதைத் தூக்கவே இல்லை. எழுதப் படிக்கிற வயதில் யாராவது 'அனா'வுக்குப் பிறகு 'ஆவன்னா' என்று சொல்லிக் கொடுத்தால் அதைப் போய்ச் சரிபார்த்துக்கொண்டா இருப்போம்? அப்படித்தான்.

அவ்வளவு ஜாக்கிரதையாக வாசித்தும் மூன்றாவது பாட்டுக்கு மேல் அந்தக் கிட்டார் தாங்காது. மூன்றாவது கம்பி மட்டும் கொஞ்சம் ஏறி நிற்கும். உடனே மேடை ஓரத்திலிருந்து அண்ணன் வருவான். அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, முப்பது வினாடியில் சுருதி சேர்த்துவிட்டு எழுந்து போவான். சில ஊர்களில் ஜனங்கள் அதற்கும் கைதட்டினார்கள். மாதம் ஒரு முறை கிட்டாரை வீட்டுக்கு எடுத்துப் போய் சர்வீஸ் செய்து கொண்டுவந்து கொடுப்பான். இது என் கைக்கு மட்டும்தான் கட்டுப்படும் என்பான். அவளும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள்.

இருபத்தாறு வயதில் ஒரு கப்பலில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். முப்பது வயதில் வெளிநாடு போகிற குழு ஒன்று கூப்பிட்டது. இரண்டுக்கும் அண்ணன் கூட வர முடியாது. அவன் இல்லாமல் அந்தக் கிட்டார் ஒரு மணி நேரம் கூட நிற்காது. இரண்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதில் அவளுக்கு மனக்குறை எதுவும் இருந்ததில்லை. தன் வேலையையெல்லாம் விட்டுவிட்டு அண்ணன் தன் பின்னால் அலைகிறானே என்றுதான் அவள் உருகினாள். எனக்கு அதை நினைத்தால்தான் இப்போதும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

அப்புறம் அண்ணன் இறந்துபோனான். மூளையில் ரத்தக் கசிவு. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். ஐந்தாவது நாள் காலை ஆறு ஐந்துக்கு முடிந்துவிட்டது.

ஏழு மாதம் அவள் கிட்டார் பெட்டியைத் திறக்கவில்லை. எட்டாவது மாதம் ஓர் அழைப்பு வந்தது. பெரிய பாடகி ஒருத்தி. இரண்டு வருடம் ஊர் ஊராகப் போகிற குழுவுக்குக் கிட்டார் வாசிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தாள். அரையின் பழைய கச்சேரி ஒன்றை எங்கோ கேட்டிருக்கிறாள். அந்தச் சரிகிற ஸ்வரம் தனக்கு வேண்டும் என்றாள். ஒரே நிபந்தனைதான். ஏழு நிமிடப் பாட்டு ஒன்றை, கைப்பிடியோடு, ஒரே மூச்சில் வாசித்து அனுப்ப வேண்டும். வெட்டி ஒட்டக் கூடாது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் வந்துசேர வேண்டும்.

இந்த மூன்றாவது வாய்ப்பும் போனால் நான்காவது வராது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

வியாழக்கிழமை காலை பதினொன்று ஐந்துக்கு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனாள். ஒரு சலவைக் கடைக்குக் கீழே, தரைக்கு அடியில் இருக்கிற இடம். ஜன்னல் கிடையாது. பதினான்கு படி இறங்க வேண்டும். பழக்கமான இன்ஜினியர். எப்போதும் கழுத்தில் ஹெட்ஃபோன், வாயில் பேச்சே வராது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள். அவள் பக்கம் சுவர் ஓரமாக ஒரு நாற்காலி, நடுவில் ஒரு ஆம்ப்ளிஃபயர், கிட்டாரை நிறுத்தி வைக்க ஒரு ஸ்டாண்ட்.

வாசித்தாள். இரண்டாவது நிமிடத்திலேயே மூன்றாவது கம்பி ஏறிவிட்டது. சுருதி சேர்த்து மறுபடி வாசித்தாள். மறுபடி ஏறியது. ஒன்பது தடவை. வேறு கிட்டார் தரட்டுமா என்று இன்ஜினியர் கேட்டார். அந்தக் கிட்டாரின் கழுத்துக்குத்தான் அவள் கை பழகியிருந்தது. வேறொன்றில் அந்தப் பாட்டு வராது.

மணி மூன்று இருபது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டீ குடித்துவிட்டு வரலாம் என்று இன்ஜினியர் அவளை மேலே அழைத்துப் போனார். கிட்டார் ஸ்டாண்டில் இருந்தது. சுருதி கெட்டபடியே விட்டுவிட்டுப் போனாள். கதவை இன்ஜினியர்தான் பூட்டினார். சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. பதிவு மெஷினை நிறுத்த மறந்துவிட்டார்.

மூன்று முப்பத்தைந்துக்குத் திரும்பி வந்தார்கள். கிட்டாரைக் கையில் எடுத்து ஆறு கம்பிகளையும் ஒரு வருடு வருடினாள்.

சுருதி சுத்தமாகச் சேர்ந்திருந்தது.

கூடவே வேறு சில்லறை விஷயங்களும் கண்ணில் பட்டன. சுவர் பக்கம் இருந்த நாற்காலி இப்போது ஸ்டாண்டுக்கு எதிரே இருந்தது. கிட்டாரின் கறுப்பு உடம்பில் லேசாக வெள்ளைத் தூள். கூரைச் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும் என்று முழங்கையால் துடைத்துவிட்டாள்.

அப்போதுதான் மெஷின் ஓடிக்கொண்டே இருந்ததை இன்ஜினியர் கவனித்தார். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். அவர் முகம் மாறியதை அவள் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். என்ன என்று கேட்டதற்கு ஒரு பகுதியை மட்டும் ஸ்பீக்கரில் போட்டார்.

கிர்ர்... கிர்ர்...

கம்பி சுற்றியிருக்கும் கீயைத் திருகுகிற சத்தம். பிறகு கம்பியைத் தட்டுகிற சத்தம். டிங்... கிர்ர்... டிங்... மெல்லிய கம்பியில் ஆரம்பித்து தடித்த கம்பியில் முடிந்தது. எல்லாரும் தடித்த கம்பியில்தான் ஆரம்பிப்பார்கள். தலைகீழாக ஆரம்பிக்கிற ஒரே ஒரு ஆளைத்தான் அவளுக்குத் தெரியும்.

"அண்ணன்..." என்றாள். "அண்ணன் வந்திருக்கான்."

பயம் வரவில்லை. ஏழு மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். இன்ஜினியர் ஸ்பீக்கரை அணைத்தார். அவர் ஏதோ சொல்ல வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டார்.

அன்று ராத்திரி அவள் நிம்மதியாகத் தூங்கினாள். செத்தும் தன்னைக் கைவிடாத அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்று நினைத்துக்கொண்டே தூங்கியதாக என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கே கீழே இறங்கிவிட்டாள்.

முதல் தடவை கிட்டார் ஐந்து நிமிடம் நின்றது. ஐந்தாவது நிமிடம் மூன்றாவது கம்பி ஏறியது. பரவாயில்லை. கிட்டாரை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, அண்ணா பார்த்துக்கோ என்று மனசுக்குள் சொல்லிவிட்டு வெளியே போனாள். பத்து ஐம்பதுக்குத் திரும்பி வந்தாள். சுருதி சேர்ந்திருந்தது.

அடுத்த தடவை நான்கு நிமிடம் நின்றது. வெளியே போனாள். பதினொன்று முப்பத்தைந்துக்கு வந்தாள். சேர்ந்திருந்தது.

அடுத்த தடவை மூன்று நிமிடம்.

அப்புறம் இரண்டு.

ஒவ்வொரு முறையும் நாற்காலி ஸ்டாண்டுக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் வெள்ளைத் தூள்.

இரண்டு பதினைந்துக்குக் கைப்பிடியை ஒரே ஒரு தடவைதான் அழுத்தினாள். சுருதி போய்விட்டது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணன் வரவர அது மோசமாகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. உறைத்தாலும் மனசு ஒப்பவில்லை. செத்தவர்களுக்குக் கை பழையபடி வேலை செய்யாது போலிருக்கிறது என்று அவனுக்கு அவளே சமாதானம் சொன்னாள்.

"அரை, வேற யார்கிட்டயாவது காட்டிடு" என்றார் இன்ஜினியர். "ரெண்டு தெரு தள்ளி ஒரு ரிப்பேர் கடை இருக்கு."

பதினோரு வருடத்தில் அண்ணனைத் தவிர வேறு யாரும் அந்தக் கிட்டாரைத் திறந்ததில்லை. ஏதோ துரோகம் செய்கிற மாதிரி கூச்சத்தோடுதான் போனாள். அப்போது மணி இரண்டு நாற்பது.

ரிப்பேர் கடையை நடத்தியது ஐம்பது வயதுப் பெண். மூக்கு நுனியில் கண்ணாடி. வாடிக்கையாளர் பேசி முடிக்கும் வரை காத்திருக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. கிட்டாரைப் பிடுங்காத குறையாக வாங்கி மேஜையில் கிடத்தினாள். கழுத்தின் உச்சியில் ஒரு வெள்ளை எலும்புத் துண்டு இருக்கும். ஆறு கம்பிகளும் அதில் வெட்டியிருக்கிற ஆறு பள்ளங்கள் வழியாகத்தான் போகும். மூன்றாவது கம்பியை விலக்கிவிட்டு, அந்தப் பள்ளத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்து பார்த்தாள்.

"இதை யாரு அறுத்தது?"

தேய்ந்துபோயிருக்கும் என்று அரை சொன்னாள்.

"தேய்மானம் இப்படி இருக்காது. உள்ள ஒரு படி வெட்டியிருக்கு, பாரு. அழுத்தினா கம்பி இந்தப் பக்கம் வழுக்கி வந்துடும். திரும்பிப் போறப்ப படியில மாட்டிக்கும். முடி மாதிரி ஒரு அரம் வெச்சு, பொறுமையா, வேணும்னே பண்ணின வேலை. நல்ல கைக்காரன்."

அவள் பூதக்கண்ணாடியை அரையிடம் கொடுத்தாள். பள்ளத்துக்குள் அரம் ஓடிய கோடுகள் வரிவரியாகத் தெரிந்தன. பெரும்பாலானவற்றில் அழுக்கு ஏறிப் பழுப்பு நிறமாகியிருந்தது. வருடக் கணக்கானவை. பழுப்புக் கோடுகளுக்கு மேலே சில வெள்ளைக் கோடுகள். ஓரத்தில் இன்னும் தூள் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் பழசு" என்றாள் அந்தப் பெண். "இது நேத்து போட்டது. இது இன்னிக்கு."

அரை பூதக்கண்ணாடியை மேஜையில் வைத்தாள்.

அந்தப் பெண் தன்பாட்டில் பேசிக்கொண்டே போனாள். கைப்பிடிக் கிட்டாருக்குப் பெரிய மந்திரம் எல்லாம் கிடையாது. பள்ளத்தில் பென்சில் கரியைத் தடவினால் கம்பி வழுக்கிக்கொண்டு போகும். புதுக் கம்பி மாட்டினால் நன்றாக இழுத்துப் பழக்க வேண்டும். கீயில் இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் சுற்றக் கூடாது. முக்கியமாக, அழுத்தி விட்டதும் கைப்பிடியை லேசாக ஒரு தூக்குத் தூக்கிவிட வேண்டும். எங்கேயாவது மாட்டியிருந்தாலும் கம்பி தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்துவிடும்.

"தூக்கினா கம்பி அறுந்துடும்ல?" என்று கேட்டாள் அரை.

அந்தப் பெண் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"யாரு சொன்னா?"

பதினோரு வருடமாகக் கூட வாசித்தவர்களுக்கெல்லாம் இது தெரிந்த விஷயம். அவள் தூக்காமல் வாசிப்பது அவளுடைய பாணி என்று நினைத்து யாரும் வாயைத் திறக்கவில்லை. அண்ணனே பக்கத்தில் இருக்கும்போது மற்றவர்கள் எதற்குச் சொல்லித் தர வேண்டும்? கப்பல் போனது. வெளிநாடு போனது. முப்பது வினாடி மண்டியிட்டு எழுந்து போனவனுக்காக அவள் இரண்டையும் விட்டாள். பெற்ற பிள்ளையைப் போல வளர்த்தேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டவன், பூதக்கண்ணாடி வைத்துத் தேடினால்தான் தெரிகிற ஒரு படியை வெட்டி அவளை அதில் மாட்டிவைத்திருந்தான். இன்னும் வெட்டிக்கொண்டும் இருந்தான்.

அழலாம் என்று பார்த்தாளாம். வரவில்லையாம்.

புது எலும்புத் துண்டு மாட்டி, புதுக் கம்பி போட்டு, கரி தடவி முடிக்க மூன்று ஐம்பது ஆனது. நான்கு பத்துக்கு மறுபடி பதினான்கு படி இறங்கினாள். நேராக இன்ஜினியரிடம் போய், நேற்றுப் பதிவானதை முழுசாகப் போடச் சொன்னாள். அவர் தயங்கினார்.

"உன் முகத்துல அவ்வளவு சந்தோஷம். கெடுக்க மனசு வரல அரை" என்றார்.

போட்டார்.

முதல் நான்கு நிமிடம் ஒன்றும் இல்லை. வெறும் அறை.

மூன்று இருபத்து நான்கு. நாற்காலி தரையில் இழுபடுகிற சத்தம்.

பிறகு...

சர்க்... சர்க்... சர்க்...

அரம். அவசரமே இல்லாத கை. ஆறு நிமிடம் ராவியது. நடுவில் ஒரு முறை நின்றது.

ஃபூ...

யாரோ தூளை ஊதினார்கள்.

மறுபடி சர்க்... சர்க்... அதெல்லாம் முடிந்த பிறகுதான் கீயைத் திருகுகிற சத்தம் ஆரம்பித்தது. நேற்று அவள் கேட்டுக் கேட்டு அழுத சத்தம்.

அவர் கொடுத்திருந்த ஹெட்ஃபோனை அவள் கழற்றி வைத்தாள். ஒரே தடவை வாசிக்கப் போவதாகவும், எது நடந்தாலும் நிறுத்தக் கூடாது என்றும் இன்ஜினியரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். இந்தத் தடவை அறையை விட்டு வெளியே வருவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். விரல் சூடேற, கம்பி படிய, ஒரு மணி நேரம் அங்கேயே இருந்து பழகினாள். கைப்பிடியைத் தூக்கவும் பழகினாள். முதல் தடவை தூக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டாளாம். கம்பி அறவில்லை.

ஐந்து இருபத்து நான்கு. சிவப்பு விளக்கு எரிந்தது.

ஆரம்பித்தாள்.

அழுத்தினாள், விட்டாள், லேசாகத் தூக்கினாள். சுருதி அசையவில்லை. ஒரு நிமிடம் போனது. இரண்டு போனது. மூன்று. பதினோரு வருடத்தில் அவள் கையில் அந்தக் கிட்டார் அப்படிப் பேசியதே இல்லை.

நான்காவது நிமிடம் நாற்காலி நகர்ந்தது.

அவள் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. முதுகுக்குப் பின்னால். கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் எழுந்து நின்றார். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தார்.

ஐந்தாவது நிமிடம்.

கழுத்தைப் பிடித்திருந்த இடது கையில் காற்று பட்டது.

ஃபூ...

அவள் கண் தானாகக் கிட்டாரின் தலைப்பக்கம் போனது.

மூன்றாவது கீ திரும்பிக்கொண்டிருந்தது.

யாரும் தொடவில்லை. மெல்ல... மெல்ல...

கிர்ர்...

கம்பி தளர்ந்தது. ஸ்வரம் இறங்கியது. பாட்டின் கடைசி இரண்டு நிமிடமும் அந்த ஒரே கம்பியில்தான்.

இன்னும் இறங்கியது.

நிறுத்தினால் மறுபடி மறுபடி இதையே செய்வான், மணி ஆறு ஆகிவிடும். நிறுத்தச் சொல்லித்தான் கேட்கிறான்.

அவள் கைப்பிடியைத் தூக்கினாள்.

லேசாக இல்லை. நன்றாக.

கம்பி இறுகியது. இறங்கிய ஸ்வரம் ஏறி அதன் இடத்துக்கு வந்தது. கைப்பிடியை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசித்தாள்.

கிர்ர்... அவன் இறக்கினான்.

இவள் தூக்கினாள்.

கிர்ர்...

தூக்கினாள்.

கை நடுங்கியது. தோள் எரிந்தது. காதுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

கிர்...

நின்றது.

கடைசி ஸ்வரத்தை வாசித்து, அது ஓயும் வரை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். மணி ஐந்து முப்பத்தொன்று. சிவப்பு விளக்கு அணைந்தது. அதன் பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"போதும்ணா" என்றாள். "இனிமே நீ வர வேணாம்."

கைப்பிடியை விட்டுவிட்டுக் கம்பியைத் தட்டிப் பார்த்தாள். மூன்றாவது கம்பி கீழே இறங்கியிருந்தது. சரியாக அரைக்கட்டை.

இன்ஜினியர் ஐந்து ஐம்பதுக்குப் பதிவை அனுப்பிவிட்டார். பிறகு உள்ளே வந்து, அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பதினான்கு படியும் ஏறி, சலவைக் கடைக்குப் பக்கத்துத் தெருவில் கொண்டுபோய் வைத்தார். என்ன பார்த்தீர்கள் என்று அவள் இரண்டு முறை கேட்டாள். நானும் ஒரு முறை கேட்டேன். இன்று வரை அவர் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பாடகியே போன் செய்தாள். வேலை கிடைத்துவிட்டது. கடைசி இரண்டு நிமிடத்தில் ஸ்வரம் கீழேயிருந்து திணறித் திணறி மேலே வருகிறதே, அதை எப்படிச் செய்தாய் என்று கேட்டாளாம். வீட்டில் கற்றுக்கொண்டது என்று அரை சொல்லியிருக்கிறாள்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அண்ணியைப் பார்க்கப் போனாள். நடந்தது எதையும் சொல்வதாக இல்லை. அண்ணிக்கு அவன் நல்ல புருஷன். அது அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தாள். ஆனால் ஒன்றை மட்டும் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அவனுடைய கருவிப் பெட்டியைக் கேட்டாள். நினைவுக்கு ஏதாவது எடுத்துக்கொள்ள வருகிறாள் என்று எண்ணி, அண்ணி ஆசையாகக் கொண்டுவந்து சமையலறை மேஜையில் வைத்துத் திறந்தாள். மாலை நான்கு நாற்பத்தைந்து இருக்கும். ஸ்க்ரூ டிரைவர்கள், குறடுகள், ஸ்பிரிங்குகள் என்று எல்லாம் அதனதன் குழியில் ஒழுங்காக இருந்தன. ஒரே ஒரு குழி காலி. விரல் நீளம், முடி அகலம்.

இதில் இருந்தது எங்கே என்று கேட்டாள்.

அண்ணியின் கண் கலங்கியது. ஆனால் முகத்தில் பெருமைதான் இருந்தது.

"ஆஸ்பத்திரியில கடைசி நாள் என் கையைப் புடிச்சுக்கிட்டு அதைத்தான் கேட்டாரு. 'அந்தச் சின்ன அரத்தை என்கூட வெச்சு அனுப்பிடு. அரையோட கிட்டார்ல இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு'ன்னாரு. சாகுற நேரத்துலயும் உன் நெனப்புதான் அவருக்கு."

"அனுப்பினீங்களா அண்ணி?"

"என் கையாலதான் அவரு சட்டைப் பையில வெச்சேன்" என்றாள் அண்ணி.